‘ஓகே தேங்க்ஸ் பை’: மூணு வார்த்தை, ஒரு கதவு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னிக்கு ஒரு குட்டி சமாச்சாரம். இங்கிலீஷ்ல பேச்சை முடிக்கும்போது தேங்க்ஸ், சியர்ஸ்னு சொல்றோமே, அது உண்மையிலேயே நன்றிதானா? இந்த விஷயத்துல நான் ரெண்டு தடவை சொதப்பியிருக்கேன். ஒண்ணு, சிரிப்பு வர்ற கதை. இன்னொண்ணு அப்படி இல்ல.

முதல்ல சிரிப்புக் கதை. காலேஜ் முடிச்சதும் ஓ.எம்.ஆர்ல ஒரு வாய்ஸ் பிராசஸ்ல சேர்ந்தேன். கஸ்டமர் எல்லாரும் இங்கிலாந்துக்காரங்க. மத்தியானம் ஆரம்பிச்சு ராத்திரி முடியற ஷிஃப்ட். சேர்ந்த முதல் வாரம், ஒரு வயசான அம்மா லைன்ல வந்தாங்க. பில்லுல ஏதோ சந்தேகம், தீர்த்து வச்சேன். அவங்க, "ரைட்... தேங்க்ஸ் ஃபார் தட்" அப்படின்னாங்க. நான் அடுத்து ஏதோ கேக்கப் போறாங்கன்னு காத்திருந்தேன். "சியர்ஸ்" அப்படின்னாங்க. அப்பவும் காத்திருந்தேன். கடைசியா, "டா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. என்ன இது, நம்மள டா போட்டுக் கூப்பிடறாங்க? (சிரிப்பு)

பதட்டத்துல, மனப்பாடம் பண்ணி வச்சிருந்த ஸ்கிரிப்ட்டை ஒப்பிக்க ஆரம்பிச்சேன். 'வேற ஏதாவது உதவி வேணுமா, எங்க சேவை எப்படி இருந்துச்சு'ன்னு நீளமா. அந்தம்மா சிரிச்சுட்டு வச்சிட்டாங்க. ரெக்கார்டிங்கைக் கேட்ட எங்க டி.எல் சொன்னாங்க, "தம்பி, அவங்க செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறாங்க. நீ இப்பதான் இலை போடற."

பிரிட்டன்ல 'டா'ன்னா தேங்க்ஸ்தான். பதினெட்டாம் நூற்றாண்டுல இருந்தே இருக்கற பேச்சு வார்த்தை, குழந்தைங்க மழலையில இருந்து வந்ததுன்னு அகராதிகள் சொல்லுது. 'சியர்ஸ்' கிளாஸைத் தூக்கும்போது சொல்றது. அங்க அதுவே நன்றியாவும் ஆயிடுச்சு, விடைபெறுறதாவும் ஆயிடுச்சு. பிரிஸ்டல் ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கும்போது 'சியர்ஸ் டிரைவ்'னு டிரைவருக்குக் குரல் கொடுக்கறது அந்த ஊரோட அடையாளம் மாதிரி.

அப்போ அந்தம்மா எனக்கு மூணு தடவை நன்றி சொன்னாங்களா? இல்ல. ஒரே விஷயத்தைத்தான் மூணு தடவை சொன்னாங்க: 'நான் கிளம்பறேன்.'

இதைப் பத்தி ஆராய்ச்சியே இருக்கு. இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ்னு ரெண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள், 1973ல 'ஓப்பனிங் அப் குளோசிங்ஸ்'னு ஒரு கட்டுரை எழுதினாங்க. போன்ல பேசறவங்க அந்தப் பேச்சை எப்படி முடிக்கறாங்கன்னு பார்த்தாங்க. அவங்க கண்டுபிடிச்சது சிம்பிள். பேச்சு தானா முடியாது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் அதை முடிக்கணும். அதனால 'பை'க்கு முன்னாடி ஒரு படி இருக்கு. 'வெல்...', 'ஓகே...'ன்னு ஒருத்தர் குரலை இறக்கிச் சொல்லுவார். அதுக்கு அர்த்தம், 'என்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல, உன்கிட்ட ஏதாவது இருக்கா?' எதிர்ல இருக்கறவருக்கு இருந்தா, அப்ப சொல்லுவார். இல்லேன்னா அவரும் 'ஓகே'ம்பார். அதுக்கப்புறம்தான் 'பை'.

ஒரு உதவி கேட்டு பண்ற போன்ல, கடைசியில வர்ற அந்த 'தேங்க்ஸ்' பல சமயம் இதே வேலையைத்தான் பார்க்குது. அதாவது அது கதவைச் சாத்தறது இல்ல. கதவுகிட்டப் போய் நின்னு திரும்பிப் பார்க்கறது.

இன்டர்வியூவுக்கோ ஆபீஸ் காலுக்கோ தயாராகறவங்க இதைக் குறிச்சுக்கங்க. 'தேங்க்ஸ் ஃபார் கமிங் இன்'னு இன்டர்வியூ பண்றவர் சொன்னா, பேச்சு முடியுதுன்னு அர்த்தம். அப்ப உங்க புராஜெக்ட் கதையை மறுபடி ஆரம்பிக்காதீங்க. நீங்க முடிக்கும்போது, எதுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கங்க. 'தேங்க்ஸ் ஃபார் யுவர் டைம்' மாதிரி. யாராவது உங்களுக்குத் தேங்க்ஸ் சொன்னா, 'நோ பிராப்ளம்', 'யுவர் வெல்கம்' போதும். நம்ம ஊர் 'மென்ஷன் நாட்' வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. 'சியர்ஸ்' நல்லா பழகினவங்ககிட்ட மட்டும். அதுவும் அமெரிக்கர்களுக்கு அது பிரிட்டிஷ் வாடை அடிக்கும்.

சரி, நம்ம தமிழ்ல இந்த வேலையை எது செய்யுது? நன்றி இல்ல. 'அப்புறம்...' செய்யுது. 'அப்புறம்'னு சொல்லிட்டு ஒரு சின்ன இடைவெளி விடறோம் பாருங்க, அதேதான். அதுக்கப்புறம் 'சரி, வச்சிடட்டா?'ன்னு கேக்கறோம். கவனிங்க, அது கேள்வி. நேர்ல இருந்தா 'போயிட்டு வரேன்'. போறதைக்கூட வர்றதா சொல்ற ஊர் இது.

அதுக்காக நாம நன்றி கெட்டவங்க இல்ல. 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு. அஞ்சு கண்டங்கள்ல எட்டு மொழி பேசறவங்களோட அன்றாடப் பேச்சை எடுத்துக்கிட்டாங்க. வீட்டுல, தெரிஞ்சவங்களுக்குள்ள, 'அந்த உப்பை எடு' மாதிரி சின்னச் சின்ன உதவி கேட்டு, அது கிடைச்சதும் என்ன சொல்றாங்கன்னு பார்த்தாங்க. எல்லா மொழியிலயும் வாய்விட்டு நன்றி சொல்றது ரொம்ப அபூர்வமாத்தான் இருந்துச்சு. இங்கிலீஷ்லயும் இத்தாலியன்லயும் மட்டும் கொஞ்சம் கூடுதல். சொல்லலேன்னாலும் உதவி நடந்துக்கிட்டேதான் இருக்கு. தமிழ் அந்த எட்டுல இல்ல. ஆனா தோசை போட்ட அம்மாகிட்ட யாரு தேங்க்ஸ் சொல்றோம்? 'இன்னொண்ணு'ன்னுதான் சொல்றோம்.

இப்ப ரெண்டாவது கதை. அந்த வேலையில ரெண்டு வருஷம் இருந்தேன். ஒரு காலுக்கு இத்தனை நிமிஷம்தான்னு கணக்கு. அந்த அவசரம் நாக்குல ஒட்டிக்கிச்சு. யார் போன் பண்ணாலும் விஷயம் முடிஞ்ச அடுத்த நொடி, 'ஓகே தேங்க்ஸ் பை'. மூணு வார்த்தையும் ஒரே மூச்சுல. அப்பாகிட்டயும் அப்படித்தான்.

ஒரு நாள் அப்பா ஊர்ல இருந்து போன் பண்ணார். அரிசி மூட்டை பஸ்ல போட்டு விட்டிருக்கேன், காலையில போய் எடுத்துக்கோன்னார். "ஓகே பா, தேங்க்ஸ், பை." வச்சிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆயிருக்காது.

அடுத்த வாரம் அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பாவுக்கு ஒரு கண்ணுல புரை முத்திப்போய், ஆபரேஷனுக்குத் தேதி குடுத்திருந்தாங்க. கூட நான் வரமுடியுமான்னு கேக்கத்தான் போன் பண்ணியிருக்கார். அரிசி ஒரு சாக்கு. அவர் அம்மாகிட்ட சொன்னது இதான்: "அவன் தேங்க்ஸ்னு சொல்லிட்டான். அதுக்கு மேல என்னத்தைக் கேக்கறது?" ஆபரேஷன் முடிஞ்சு, கண்ணுல கட்டோட, பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டு பஸ்ல வீடு வந்திருக்கார். கண்ணு இப்ப நல்லா இருக்கு. ஆனா அந்த பஸ்ல பக்கத்து சீட்ல நான் இருந்திருக்கணும்.

எங்க அப்பா மாதிரி ஆளுங்க முக்கியமான விஷயத்தை முதல்ல சொல்ல மாட்டாங்க. 'அப்புறம்...'னு ஒரு இடம் கிடைச்சாதான் சொல்லுவாங்க. நான் அந்த இடத்தையே மூடிட்டேன். இங்கிலீஷ்காரங்ககூட அதை மூடறது இல்லைன்னு அந்தம்மா எனக்கு முன்னாடியே காட்டியிருந்தாங்க. ரைட்டுன்னு நிறுத்தினாங்க, தேங்க்ஸ்னு நிறுத்தினாங்க, சியர்ஸ்னு நிறுத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் எனக்கு இடம் விட்டாங்க. நான் வார்த்தையைக் கத்துக்கிட்டேன், அந்த நிறுத்தத்தை விட்டுட்டேன்.

அதனால இந்த வாரம் ஒரே ஒரு வேலை. யார்கிட்ட பேசினாலும் தேங்க்ஸ் தாராளமா சொல்லுங்க. சொல்லிட்டு மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க. அதுக்கப்புறம் பை சொல்லுங்க. வீட்டுக்கு பேசினா மூணு வரைக்கும் எண்ணுங்க.

இவ்வளவு நேரம் கேட்டதுக்கு தேங்க்ஸ்.

அப்புறம்...?

சரி, வச்சிடட்டா?