அஜய் ஆற்றங்கரையில் கேட்ட பாட்டு



வெளி மாநிலங்களில் வாழும் நமக்குப் பொங்கல் என்பது பெரும்பாலும் அடுக்களையோடு முடிந்துவிடும் பண்டிகை. குக்கரில் பொங்கலை ஏற்றி, கடையில் கிடைத்த ஒற்றைக் கரும்பைச் சுவரில் சாத்தி, ஊருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டால் ஆயிற்று. கொல்கத்தாவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படியே கழித்துவந்த நாங்கள், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போகியன்று, மகள் வற்புறுத்தியதன்பேரில் கேந்துளித் திருவிழாவுக்குப் புறப்பட்டோம்.

கேந்துளி, வீர்பூம் மாவட்டத்தில் அஜய் ஆற்றின் கரையிலுள்ள சிற்றூர். நம் பஜனை மடங்களில் பாடப்பெறும் அஷ்டபதிகளை 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய ஜயதேவர் அவ்வூரில் பிறந்தார் என்பது வங்காளியரின் நம்பிக்கை. ஒடிசாவிலும் ஒரு கேந்துளி உண்டு. அவர் எங்கள் ஊர்க்காரர் என்று அங்குள்ளோர் வாதிடுவர். அவ்வழக்கில் நாம் தலையிட வேண்டியதில்லை. நமக்குத் தை பிறக்கும் சங்கராந்தியையொட்டி அங்கே பாவுல் பாடகர்கள் திரளாகக் கூடுகிறார்கள்.

பாவுல்களை நம் சித்தர்களுக்கு ஒன்றுவிட்ட உறவினர் எனலாம். தேடும் பொருள் உடலுக்குள்ளேயே உண்டென்பார்கள்; சாதி வேற்றுமையை ஒப்பார்கள். முன்னோர் பாட்டைப் பாடுவோர் பலர். தாமே பாட்டுக் கட்டுவோரும் உண்டு. கையில் ஒற்றைத் தந்தி ஏக்தாரா, இடையில் டுக்கி என்னும் சிறு முரசு, காலில் சலங்கை: ஒருவரே பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஆகிவிடுவார்.

பெரிய பந்தல்களில் பெயர்பெற்றவர்கள் பாடிக்கொண்டிருந்தனர். ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று வெல்லப் பார்த்தன. செவிக்கு ஓய்வு தேடி ஆற்றுப்பக்கம் நடந்தபோது ஓரமாய் ஓர் அகாடா தென்பட்டது. பாவுல்கள் தங்கிப் பாடும் கொட்டகைக்கு அங்கே அதுதான் பெயர். தார்ப்பாய்க் கூரை, வைக்கோல் பரப்பிய தரை, ஒரே ஒரு விளக்கு. கேட்போர் முப்பது பேருக்கு மேல் இல்லை. எங்களையும் கைப்பிடித்து அமரவைத்து, இலைத் தட்டில் கிச்சடி தந்தார்கள். அரிசியும் பருப்பும் சேர்ந்தது, விடிந்தால் பொங்கல், வேறென்ன வேண்டும்!

நள்ளிரவுக்குப் பின், அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்தார். காவியுடை இல்லை, சாயம்போன சட்டைமேல் ஒரு கம்பளி. குரலும் இனிமையானதென்று சொல்வதற்கில்லை. மேல் ஸ்தாயியில் பிசிறு தட்டிற்று. ஆயினும் அவர் இரண்டாம் அடிக்கு வருமுன் கொட்டகை அடங்கிவிட்டது. கிச்சடி பரிமாறியவர் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றார்.

எங்களுக்கோ பாட்டு விளங்கவில்லை. கடைத்தெருவில் பேரம் பேசவும் அண்டை வீட்டாரை நலம் விசாரிக்கவும் போதிய வங்காளி எங்களிடம் உண்டு. அதற்கு மேல் தேவையென்று நாங்கள் எண்ணியதில்லை. கொல்கத்தாவிலேயே பிறந்த மகள் எங்கள் காதருகே குனிந்து, அடியடியாகத் தமிழில் சொல்லலானாள். தமிழ் ஒழுங்காக வரவில்லையென்று நாங்கள் நாள்தோறும் கடிந்துகொள்ளும் அதே பெண்!

ஒருவன் வாடகை வீட்டில் அறுபது ஆண்டு குடியிருந்தான். பூஜைதோறும் வெள்ளையடித்தான், மதிற்சுவருக்காக அக்கம்பக்கத்தில் சண்டையிட்டான், வீட்டுக்காரர் யாரென்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. காலிசெய்யும் நாள் வந்தது. சாவியை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் வாசற்படியில் நிற்கிறான். இவ்வளவே பாட்டு. வீடென்பது உடல் என்று மகள் விளக்கினாள். அது எங்களுக்கும் புரிந்தது. ஆனால் கொல்கத்தாவில் நான்காவது வாடகை வீட்டில் குடியிருக்கும் எங்களுக்கு அது வெறும் வீடாகவும் இருந்தது.

நம் கீர்த்தனங்களில் முத்திரை வருவதுபோல, இப்பாட்டுகளின் இறுதியிலும் கட்டியவர் பெயர் வருவது வழக்கம். சரியாக அந்த இடத்தில் பெரிய பந்தலின் ஒலிபெருக்கி அலறிற்று. யார் கட்டிய பாட்டென்று மகள் கேட்டதற்கு, அவர் தம் மார்பைத் தொட்டுக் காட்டிவிட்டு அமர்ந்தார். மேலும் கேட்பதற்குள் அடுத்தவர் பாடத் தொடங்கிவிட்டார். விடியலில் ஆற்று நீராட்டுக்குத் திரண்ட கூட்டத்தில் அவரைத் தேடிக் காண முடியவில்லை.

ஷிலாய்தஹாவில் குடும்ப ஜமீனைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ரவீந்திரநாத் தாகூர், ககன் என்ற அஞ்சல்காரர் பாடக் கேட்டார். ககன் தாமே பாட்டுக் கட்டுபவர். ககன் ஹர்காரா என்றே இன்றும் சொல்கிறார்கள். ஹர்காரா என்றால் அஞ்சல் சுமப்பவர். வங்கப் பிரிவினையை எதிர்த்து 1905இல் தாகூர் எழுதிய பாட்டு ஒன்று ககனுடைய மெட்டில் அமைந்தது. 1971இல் பிறந்த வங்கதேசத்துக்கு அதுவே தேசிய கீதமாயிற்று. ஓர் அஞ்சல்காரரின் மெட்டுக்கு ஒரு நாடு எழுந்து நிற்கிறது. ஆனால் அங்கே கேட்டவர் தாகூர். இங்கே கேட்டவர்கள் நாங்கள்.

திரும்பும் ரயிலில் மகள் நினைவில் நின்றதை எழுதினாள். நாங்களும் படிக்கவேண்டுமென்று தமிழெழுத்தில் எழுதி, வங்காளி ஒலிகளுக்கு ஏற்பக் ககரத்தின் கீழும் பகரத்தின் கீழும் கோடிட்டாள். மூன்றாம் சரணத்தில் ஓரடி விட்டுப்போயிற்று. முத்திரை வரும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். அதன்பின் இருமுறை கேந்துளிக்குச் சென்றோம். அந்த அகாடா இருந்தது, அவர் வரவில்லை.

வரும் போகிக்கும் பயணச்சீட்டு வாங்கிவிட்டோம். வங்காளி அரிச்சுவடி ஒன்றும் வாங்கியிருக்கிறோம். மகள்தான் ஆசிரியை. இப்போதைக்கு ஞகரம் வரை வந்திருக்கிறோம்.