பிறந்த தேதிக்குச் சாட்சி யார்?



புகழ் பெற்ற ஒருவரின் பிறந்த தேதியை ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தால் எதை நம்புவது என்று சில வாலிபத் தோழர்கள் கேட்டார்கள். ஓர் உதாரணம் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பட்டணத்தில் பரம ஏழையாகப் பிறந்து, டிரம்பெட் வாசிப்பில் உலகப் புகழ் பெற்ற கருப்பர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். தாம் 1900ம் வருஷம் ஜூலை 4ந் தேதி பிறந்ததாக அவரே சொல்லி வந்தார். 1954ல் வந்த அவரது சுயசரிதையிலும் 1900 என்றே இருக்கிறது. பத்திரிகைக்காரர்களும் அப்படியே எழுதினார்கள். 1970ல் எழுபதாம் பிறந்த நாளும் கொண்டாடியாகிவிட்டது. 1971 ஜூலை 6ந் தேதி அவர் இறந்தபோது வயது 71 என்றார்கள்.

ஜூலை 4ந் தேதி அமெரிக்கர்களின் சுதந்திர தினம். இவ்வளவு பொருத்தமாகவா பிறப்பார் என்று சந்தேகம் வரலாம். ஆனால் சந்தேகம் வேறு, ருஜு வேறு. அன்று பிறக்கும் குழந்தைகளும் உண்டல்லவா?

1980களில் டாட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சிக்காரர் அவ்வூர் மாதாகோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் ருஜுவைக் கண்டுபிடித்தார். ஞானஸ்நானம் 1901 ஆகஸ்டு 25ந் தேதி. பிறந்தது அதே மாதம் 4ந் தேதி. அப்படியானால் இறந்தபோது வயது 71 அல்ல, 69!

அத்தனை புத்தகங்களை ஒரு வரி ஜெயிப்பதா என்பீர்கள். தோழர்களே! அத்தனையும் ஒரே வாயிலிருந்து வந்தவை. ஆகவே எல்லாம் சேர்ந்தும் ஒரே சாட்சிதான். தான் பிறந்ததைத் தானே பார்த்தவன் உலகத்தில் உண்டா? பதிவேடோ குழந்தை பிறந்த மூன்றே வாரத்தில், வீட்டாருக்குத் தேதி மறக்குமுன் எழுதப்பட்டது. அக்குழந்தை பின்னால் புகழடையும் என்று எழுதினவருக்குத் தெரியாது. தேதியை மாற்றுவதால் அவருக்குக் காலணா லாபமுமில்லை.

அதனால் ஆர்ம்ஸ்ட்ராங் பொய்யரா? அப்படிச் சொல்ல நமக்கு ஆதாரமில்லை. ஏழை வீட்டில் பிறந்த தேதியை எழுதி வைப்பார் யார்? அவர் வாசிப்பின் பெருமையும் இதனால் அணுவளவும் குறையாது.

இன்னொன்று. அதே பதிவேடு அந்தப் பச்சைக் குழந்தையைக் கருப்பன் என்றும், முறை தவறிப் பிறந்தவன் என்றும் லத்தீன் பாஷையில் குறித்திருக்கிறது. தேதியை எடுத்துக் கொள்வோம். இழிவை எழுதினவரிடமே விட்டுவிடுவோம். ஏடு பழையது என்பதற்காக அதிலுள்ள தீர்ப்புக்கெல்லாம் நாம் தலை வணங்க வேண்டியதில்லை.

ஆகையால் தோழர்களே, யார் சொன்னார், எப்பொழுது சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். இன்று நான் சொன்னதையும் அப்படியே கேட்டுச் சோதித்துப் பாருங்கள்.