பெயரில்லாத பிடியரிசி

(நூற்றாண்டை முன்னிட்டுக் கலேவெலயில் நடைபெற்ற மாத்தளை, தம்புள்ளை, குருநாகல் பகுதிப் பழைய மாணவிகளின் ஒன்றுகூடலில் கலேவெலக் குழுவினர் ஆற்றிய உரை)



நீங்கள் எல்லோரும் கலேவெலயைப் பல தடவை கடந்திருக்கிறீர்கள். ஆனால் பார்த்திருக்க மாட்டீர்கள். கொழும்பு பஸ் தம்புள்ளையில் திரும்பிக் குருநாகல் வீதியில் ஓடும் நேரம் உங்களுக்கு நல்ல நித்திரை. இந்தத் தடவைதான் நடத்துனர் தட்டி எழுப்பி இறக்கிவிட்டிருக்கிறார்.

இங்கே நாங்கள் ஐந்து பேர். ஒருவர் ஆசிரியை, ஒருவர் தாதி, இருவர் கணவன்மாரின் உத்தியோகத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள், ஒருவர் கடை வைத்திருப்பவர். ‘மிஷன் தொண்டும் நமது கொடையும்’ என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். நாங்கள் பிரசங்கிகள் அல்லர். ஆளுக்கொரு பகுதியாக எழுதி, ஒருவர் வாசிக்கிறோம். எனவே பிழை இருந்தால் ஐந்து பேரையும் ஏசுங்கள்.

விடுதிக் குசினி வாசலில் இருந்த பேணி உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம்? சோற்றுக்கு அரிசி அளந்த பிறகு, அன்றைய முறைக்காரி அதிலிருந்து பிடி பிடியாக எடுத்து அந்தப் பேணியில் போடவேண்டும். சனிக்கிழமை அதைச் சுண்டால் அளந்து, விற்று, காசை மிஷன் உண்டியலில் சேர்ப்பார்கள். அதுதான் பிடியரிசி. யாழ்ப்பாணத்துச் சபைகளில் எங்கள் அம்மம்மாமாரும் வீட்டில் இதைச் செய்தார்கள். எங்களில் ஒருவர் இன்றைக்கும் சொல்கிறார்: “அது நாங்கள் கொடுத்ததில்லை. எங்கள் கோப்பையிலிருந்து எடுத்தது.” நியாயமான முறைப்பாடுதான். பசிக்கிற வயதில் யார் மனமுவந்து கொடுப்பார்? ஆனாலும் அந்தப் பிடியில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. இன்றைக்கு நாங்கள் பேச வந்தது அந்த விஷயம்தான்.

நமக்கு முதலில் கிடைத்த கொடையில் பெயர் இருந்தது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். நமது பாடசாலை உடுவில் அல்ல. உடுவிலின் மகள்வழிப் பேத்தி என்று வேண்டுமானால் சொல்லலாம். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. சாப்பாடு, உடுப்பு, படிப்பு எல்லாம் இலவசம். படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணம் செய்த பிள்ளைக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிச் சபைகளிலிருந்து. அங்கேயும் பெரும் பணக்காரர் மட்டும் கொடுக்கவில்லை. பெண்கள் சங்கங்களும் ஓய்வுநாட் பாடசாலைப் பிள்ளைகளும் சில்லறை சேர்த்து அனுப்பினார்கள்.

அனுப்பியவர்கள் ஒன்றை விரும்பினார்கள். தாங்கள் தாபரிக்கும் பிள்ளைக்குத் தாங்கள் சொல்லும் பெயரை வைக்கவேண்டும் என்பதே அது. தங்கள் போதகரின் பெயர், சில வேளை இறந்துபோன ஓர் உறவினரின் பெயர். அதனால்தான் சிதம்பரப்பிள்ளைக்கு முன்னால் வில்லியம் நெவின்ஸ் வந்தது. விசுவநாதபிள்ளைக்கு முன்னால் கரோல் வந்தது. இருவரும் பெரிய அறிஞர்கள். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தமிழில் நியாய இலக்கணம் எழுதியவர். கரோல் விசுவநாதபிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். ஆனாலும் சற்று யோசித்துப் பாருங்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை. அதன் பெயரை, அந்தப் பிள்ளையைக் கண்ணால் காணாத ஒருவர் கடலுக்கு அப்பாலிருந்து தீர்மானிக்கிறார். சோறு போட்டவருக்கு அந்த உரிமை உண்டு என்று அன்று யாரும் ஐயப்படவில்லை.

நாங்கள் நன்றி மறந்து பேசவில்லை. 1840இல் உடுவிலுக்கு வந்த எலைசா அக்னியூ அம்மையார் 1879 வரை, ஒரு தடவையேனும் ஊர் திரும்பாமல், மூன்று தலைமுறைப் பெண்களுக்குக் கற்பித்தார். அந்தக் கடனை யாரால் கட்டமுடியும்? கொடுத்த மனம் பெரியது. அதோடு ஒட்டிவந்த பெயர்ச்சீட்டைத்தான் சொல்கிறோம்.

இனி எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. வாங்கிய யாழ்ப்பாணம் கொடுக்கத் தொடங்கியது. 1847இலேயே உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் ஒரு சுவிசேஷ சங்கம் அமைத்துத் தீவுப்பகுதியில் வேலை செய்தார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாண மாணவர்கள் ஒரு வெளிநாட்டு மிஷன் சங்கம் ஆரம்பித்து, பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமநாதபுரம் பக்கத்துத் தொண்டிக்கு ஊழியரை அனுப்பினார்கள். வெளிநாடு என்றால் தொண்டி! சிரிக்காதீர்கள். தோணிக்காரருக்கு அது பக்கத்து ஊர். ஆனால் தாங்களே மிஷனரியை அனுப்பலாம் என்ற நினைப்பு அன்று புதிது.

1902இல் யாழ்ப்பாணம் வந்த திருநெல்வேலி இளைஞர் ஒருவர் அதைக் கண்டார். வை.எம்.சி.ஏ. செயலாளராக இருந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அவர். நம்மைவிடப் பெரிய திருநெல்வேலிச் சபை இப்படி ஒன்றும் செய்யவில்லையே என்ற உறுத்தலோடு அவர் திரும்பிப் போனார். 1903 பெப்ரவரி 12ஆம் திகதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. ஆட்களும் பணமும் நிர்வாகமும் உள்நாட்டினுடையதாகவே இருக்கவேண்டும் என்பது அதன் விதி. அடுத்த ஆண்டே தெலுங்குநாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர் போனார். பின்னர் அசரியாவும் போய், 1912இல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். திருநெல்வேலி வீடுகளிலும் பிடியரிசிப் பானை இருந்தது. வடகிழக்கு இந்தியாவின் மிசோரம் பெண்கள் 1910இல் தொடங்கிய பிடியரிசி இன்றுவரை நின்றுபோகவில்லை. அந்தச் சபையின் ஊழியச் செலவில் ஒரு பங்கு குசினியிலிருந்தே வருகிறது.

ஆனால் திருநெல்வேலியின் கொடை இதற்கும் முன்பே எங்கள் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய சனங்கள், காட்டுவழியே நடந்து தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு ஏறினார்கள். இங்கிருந்து தம்புள்ளைக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அந்த வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. மலைக்கு ஏறியவர்களுக்காக 1854இல் சி.எம்.எஸ். ஒரு மிஷன் தொடங்கியது. துரைமார் சந்தா கொடுத்தார்கள். உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். அந்த மிஷனின் பெயர் என்ன தெரியுமா? ‘தமிழ்க் கூலி மிஷன்’. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அமெரிக்கப் பெயர் கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளைக்குக் கூலி என்ற பெயர் கிடைத்தது. நாமும், வடக்கிலிருந்து வந்த படித்த பெண்கள், அந்தச் சொல்லை வாய் கூசாமல் சொன்ன காலம் உண்டு. அதை இங்கே ஒளிக்கப்போவதில்லை.

இப்போது எங்கள் சொந்தக் குற்றம். சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் ஐவரும் காசு சேர்த்து, இங்கே ஒரு கிராமத்துப் பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பிகள் கொண்டுபோனோம். சிங்களப் பிள்ளைகள், சில முஸ்லிம் பிள்ளைகள். ஒவ்வொரு கொப்பிக்குள்ளும் ஒரு வேத வசனத் துண்டும் எங்கள் குழுவின் பெயரும் வைத்தோம். நல்ல எண்ணம்தான், அப்படித்தான் நினைத்தோம். மறுநாள் ஒரு தாய், சந்தையில் வெங்காயம் விற்கிறவர், அந்தத் துண்டுகளை எல்லாப் பிள்ளைகளிடமிருந்தும் சேர்த்து, ரப்பர் வளையம் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து தந்தார். கோபிக்கவில்லை. “நோனா, கொப்பி பிள்ளைகளுக்கு, இது உங்களுக்கு” என்று சிங்களத்தில் சொன்னார். கடை வைத்திருக்கும் எங்கள் அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊரைக் கவனிக்கத் தொடங்கினோம். பொசன் காலத்தில் அநுராதபுரத்துக்குப் போகும் யாத்திரிகர்களுக்காக இந்த வீதியோரத்தில் தன்சல் போடுவார்கள். பஸ்ஸை மறித்துச் சோறு கொடுப்பார்கள், பானம் கொடுப்பார்கள். நீ யார், எந்தச் சமயம் என்று எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை. கொடுத்தவர் பெயரை நாங்களும் அறியோம். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு உம்மா கஞ்சி கொடுத்துவிடுவார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று நாங்கள் வாழைப்பழம் வைத்துக் கொடுப்போம், அவ்வளவுதான். நாங்கள் விடுதியில் கற்ற பிடியரிசியை இந்த ஊர் தன் பாட்டில் செய்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் ஏன் இங்கே சொல்கிறோம் என்றால், நூற்றாண்டு நிதி பற்றிய சுற்றறிக்கை எங்களுக்கும் வந்தது. மண்டபச் சுவரில் கருங்கல் பதித்து, கொடையின் அளவுப்படி பெயர்கள் பொறிக்கப்படும் என்று அதில் இருக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் நம் சகோதரிகள் இரவு வேலை செய்து அனுப்பும் காசு அது; ஒரு சதத்தையும் நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. எங்கள் ஐவரிலும் ஒருவருக்குத் தன் தாயின் பெயரை அந்தக் கல்லில் பார்க்க ஆசை. அதைத் தடுக்க நாங்கள் யார்? கல் இருக்கட்டும்.

ஆனால் நிதியில் பத்தில் ஒன்றைச் சுவருக்கு வெளியே அனுப்பவேண்டும் என்று கேட்கிறோம். மாத்தளை மலைத் தோட்டங்களில் ஓ.எல். பாஸ் பண்ணிய பிள்ளைகள் பலருக்கு ஏ.எல். படிக்கப் பட்டணத்துக்கு வர வழியில்லை. பஸ் காசும் விடுதிக் காசும்தான் தடை. அவர்களைத் தெரிவு செய்வது அவர்களுடைய பாடசாலை அதிபர்மாராக இருக்கட்டும். சைவப் பிள்ளையா, கிறிஸ்தவப் பிள்ளையா என்று நாம் கேட்கக்கூடாது. படம் எடுக்கக்கூடாது. நன்றிக் கடிதம் எழுதச் சொல்லக்கூடாது. பிள்ளைக்குக் கொடுத்தவர் பெயர் தெரியவேண்டாம். நமக்கும் பிள்ளையின் பெயர் தெரியவேண்டாம்.

அப்படியானால் காசு எங்கே போனதென்று எப்படி அறிவது என்று பொருளாளர் அக்கா கேட்பார். அந்தக் கேள்வி சரியானது. பழைய மிஷன் அறிக்கைகளில் எந்த ஊர்ச் சபை எத்தனை டொலர் அனுப்பியது என்று சதக் கணக்கில் அச்சிட்டார்கள்; அந்தப் பழக்கத்தை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வோம். எத்தனை பிள்ளைகள், எவ்வளவு ரூபா, எந்த மாதம் என்று ஒவ்வொரு ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும் எழுந்து நின்று வாசிக்கவேண்டும். கணக்குக்குப் பெயர் தேவையில்லை, இலக்கம் போதும்.

இந்தப் பிரேரணையை எழுதித் தலைவி அம்மாவிடம் கொடுத்திருக்கிறோம். பொதுக்கூட்டத்தில் வாக்குக்கு விடுங்கள், தோற்றாலும் கோபிக்கமாட்டோம். எப்படியானாலும் எங்கள் ஐந்து வீட்டுப் பேணியும் கடைக்கார அக்காவின் மேசைக்குக் கீழே சேர்கிறது. வாசலில் இன்றைக்கும் ஒன்று வைத்திருக்கிறோம். பெயர் எழுத அதில் கடதாசி இல்லை. அரிசி போடாதீர்கள், நாங்கள் தூக்கவேண்டும், காசாகப் போடுங்கள். சாப்பாடு தயார், கை கழுவ வாருங்கள்.