காசநோயை மறைக்க வேண்டாம்

(நமது சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நல நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)





தொற்றுநோய்களைப் பற்றிப் பேசும்படி செயலவை என்னிடம் கேட்டுக்கொண்டது. நான் மருத்துவர் அல்ல, ஒரு வியாபாரி. அதனால் மருத்துவர்கள் எல்லாருக்கும் சொல்லி வருவதை, நம் வீட்டுக்கும் கடைக்கும் பொருந்தும் விதத்தில் சொல்ல முயல்கிறேன்.

தொற்றுநோய் என்றதும் நமக்குக் கொவிட்டும் டெங்கியும்தான் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி நிறையவே கேட்டுவிட்டோம். இன்று நான் எடுத்துக்கொண்டது காசநோய். டெங்கி வந்தால் நாம் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்கிறோம். காசநோய் வந்தாலோ சொந்த அண்ணனிடம்கூடச் சொல்வதில்லை. இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இருந்தும் அது நம்மைவிட்டுப் போகாமல் இருப்பதற்கு, நாம் அதை மறைப்பதும் மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் முக்கியக் காரணங்கள். இந்த இரண்டையும் விட்டுவிடுவோம் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன்.

ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமிதான் என்று 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் அறிவித்தார். அதன் நினைவாகத்தான் இன்றும் மார்ச் 24 உலகக் காசநோய் தினமாக இருக்கிறது. பாவத்தின் பலன், பரம்பரைச் சாபம், கண்ணேறு என்று சொல்லப்பட்டதெல்லாம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால், "அந்தக் குடும்பத்துக்கே அது உண்டு" என்ற பேச்சை நிக்காஹ் பேசும் இடங்களில் இப்போதும் கேட்கிறோம். காசநோய் பரம்பரை நோய் அல்ல. ஒரே வீட்டில் இருவருக்கு வந்தால், அவர்கள் ஒரே காற்றைச் சுவாசித்ததுதான் அதற்குக் காரணம்.

நமது சிங்கப்பூருக்கு இந்த நோய் புதிதல்ல. போருக்குப் பிந்திய நெருக்கடியான ஆண்டுகளில், கடைவீடுகளின் மாடியில் ஓர் அறைக்குப் பத்துப் பேர் என்று படுத்திருந்த காலத்தில், அது பலரைக் கொண்டுபோனது. காசநோய் எதிர்ப்புச் சங்கமான சாட்டா 1947இல் தொடங்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு வாக்கில், இங்கே ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 300 பேர் புதிதாக நோயாளிகளானார்கள். நல்ல வீடும் மருந்தும் பரிசோதனையும் வந்த பிறகு அந்த எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. ஆனால் 1980களின் இறுதியில் 50ஐ ஒட்டி வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. சுமார் பத்து ஆண்டுகளுக்கு அதைவிடக் கீழே இறங்கவில்லை. அதனால்தான் 1997இல் அரசாங்கம் காசநோய் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு மீண்டும் குறைந்தாலும், நோய் நம்மைவிட்டு முழுதாகப் போய்விடவில்லை.

இது எப்படிப் பரவுகிறது? நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் கிருமிகள் காற்றில் கலக்கின்றன. சன்னல் சாத்திய அறையில் அவை மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அதே அறையில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் சேர்ந்திருப்பவருக்குத்தான் பெரும்பாலும் தொற்றுகிறது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரைவிட, பக்கத்துப் பாயில் படுப்பவருக்கே ஆபத்து அதிகம்.

எப்படிப் பரவாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கை குலுக்குவதால் பரவாது. தட்டு, தம்ளர், துணிமணியால் பரவாது. ஒரே சகனில் உட்கார்ந்து சாப்பிடுவதாலும் பரவாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, சிகிச்சை தொடங்கி மூன்று மாதமாகி, இனி உங்களால் யாருக்கும் பரவாது என்று மருத்துவர் சொன்ன பிறகும், வீட்டில் அவருடைய தம்ளரைத் தனியாகத்தான் கழுவி வைத்தார்கள். அவர் யாரிடமும் குறை சொல்லவில்லை. ஆனால் கந்தூரிச் சாப்பாட்டுக்கும் இஃப்தாருக்கும் வருவதை நிறுத்திக்கொண்டார். "மாத்திரைகூடக் கசக்கவில்லை தம்பி, அந்தத் தம்ளர்தான் கசந்தது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். ஒருவரை இப்படி நடத்துவதைப் பார்த்தால், அடுத்து இருமல் வருபவர் வாய் திறப்பாரா?

கிருமி உடலுக்குள் போன எல்லாரும் நோயாளி ஆவதில்லை. பத்தில் ஒன்பது பேரின் உடல் அதை அடக்கி வைத்துவிடும். அவர்களுக்கு இருமல் இருக்காது. அவர்களிடமிருந்து பிறருக்கும் பரவாது. ஆனால் கிருமி உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும். முதுமையோ வேறு நோயோ வந்து உடல் தளரும்போது, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துக்கூட அது விழித்துக்கொள்ளலாம். நம் சமூகம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் வீடுகளில் இனிப்பு நீர் இல்லாத வீடு எது? புகைபிடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் சிகரெட்டை விடுவதும்கூடக் காசநோய்த் தடுப்புதான்.

அறிகுறிகளைச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு மேல் விடாத இருமல், மாலையில் வரும் இலேசான காய்ச்சல், இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை, காரணமில்லாத மெலிவு, பசியின்மை, சளியில் இரத்தம். எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. இருமல் மருந்தை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருக்காமல், பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் உண்மையைச் சொல்லிவிடும். வயதான அத்தாவும் உம்மாவும் "இது பழைய இருமல்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள், கூடவே அழைத்துப் போங்கள்.

சிகிச்சை என்பது பொதுவாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். முதல் சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும், எடை கூடும். பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் பரவும் ஆபத்தும் இரண்டு வாரத்திலேயே வெகுவாகக் குறைந்துவிடும். இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "குணமாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுகிறார்கள். அப்போது செத்திருப்பவை வேகமாகப் பெருகிய கிருமிகள் மட்டுமே. மெதுவாக வளரும் கிருமிகள் மிச்சம் இருக்கின்றன. பாதியில் விட்டால் அவை மீண்டும் பெருகும். மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால், அந்த மருந்துக்கே கட்டுப்படாத கிருமிகளாகவும் மாறிவிடலாம்.

2016ஆம் ஆண்டு ஆங் மோ கியோவில் ஒரே புளோக்கில் ஆறு பேருக்கு, பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் வந்திருந்தது தெரியவந்தது. சுகாதார அமைச்சு அங்கே குடியிருந்தவர்களுக்கு இலவசப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தது. அந்த வகை நோய்க்கு மருந்துகள் கடுமையானவை. பக்க விளைவுகளும் கூடுதல். சாதாரணக் காசநோயை ஆறு மாதத்தில் முடித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

மருந்துகளில் ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம். ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் மருந்தை மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

இங்கே பலதுறை மருந்தகத்தில் தாதியர் முன்னிலையில் மாத்திரையை விழுங்கச் சொல்வார்கள். "என்னை நம்பவில்லையா?" என்று சிலருக்குக் கோபம் வருகிறது. இது நம்பிக்கைக் குறைவு அல்ல. ஆறு மாதம் ஒருநாள்கூட மறக்காமல் மாத்திரை சாப்பிடுவது யாருக்குமே கடினம் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு.

இந்தச் சிகிச்சை முறைக்கும் நம்மில் பலரின் பூர்வீகமான தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் இருப்பது உங்களுக்குத் தெரியும். 1956இல் சென்னையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றம் ஆகியவை சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கின. ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு நெருக்கடியான அவர்களது சொந்த வீட்டிலேயே வைத்து அதே மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தவர்களுக்கு நிகராக, வீட்டில் இருந்தவர்களும் குணமடைந்தார்கள். வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. நோயாளியை ஒதுக்கி வைப்பதால் அல்ல, மருந்தை முழுதாகக் கொடுப்பதால்தான் நோய் தடுக்கப்படுகிறது என்பதை உலகத்துக்குக் காட்டியவர்கள் அந்தச் சென்னை நோயாளிகள். பின்னர் சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகக் குறைக்க உதவிய ஆய்வுகளில் சிங்கப்பூர் நோயாளிகளுக்கும் பங்குண்டு. நம்முடைய இரண்டு ஊர்களும் உலகத்துக்குச் சொன்ன பாடத்தை நம் வீட்டிலேயே மறக்கலாமா?

மார்க்கத்தின் பார்வையிலும் தெளிவு இருக்கிறது. நோயைத் தந்த அல்லாஹ் அதற்கான நிவாரணத்தையும் தந்திருக்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். தும்மும்போது முகத்தை மூடிக்கொள்வது அவர்களின் வழக்கம். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருப்பவர் தப்பி வெளியேறவும் வேண்டாம் என்று வழிகாட்டினார்கள். உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் என்று கேட்டுத் திரும்பினார்கள். "அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா?" என்ற பொருளில் அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனது ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் விடை சொன்னார்கள். ஆகவே முகக்கவசம் அணிவதும் மருந்து சாப்பிடுவதும் தவக்குலுக்கு எதிரானவை அல்ல. துஆவும் செய்வோம், மாத்திரையும் விழுங்குவோம்.

ரமலான் வரும்போது இதைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மருந்து நேரத்தை மாற்றலாமா, நோன்பு வைக்க உடல் தாங்குமா என்று அவர் சொல்வார். வேண்டாம் என்றால், நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான், குணமான பிறகு களா செய்துகொள்ளலாம். நோன்புக்காக மருந்தை விட்டுவிடாதீர்கள்.

இனி, என்னைப் போன்ற வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. கடையில் இருக்கும் ஊழியர் மருந்தகத்துக்குப் போகத் தினமும் அரை மணி நேரம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஊரிலிருந்து வந்த தம்பிகளுக்கு, சொன்னால் வேலை போய்விடுமோ, கடன் இருக்கிறதே என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தில் ஒருவர் இருமலை மறைத்தால், அதே அறையில் படுக்கும் மற்றவர்களுக்கும் நோய் தொற்றலாம். முதலாளிதான் முதலில் "வா தம்பி, மருத்துவரைப் பார்ப்போம்" என்று சொல்ல வேண்டும். அறைகளில் சன்னல் திறக்கட்டும், வெளிச்சமும் காற்றும் வரட்டும். சிகிச்சையில் இருப்பவர் ஊருக்குப் போக நேர்ந்தால், மருத்துவரின் கடிதத்தையும் மருந்துச் சீட்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் காசநோய் மருந்து இலவசம். ஒருநாள்கூட விடாமல் அங்கே தொடரலாம்.

சுகாதார அதிகாரிகள் தொடர்பில் இருந்தவர்களைப் பரிசோதனைக்கு அழைத்தால் குடும்பத்தோடு போங்கள். கிருமி உறங்கும் நிலையில் இருந்தால், நோயாக மாறாமல் இருக்கச் சில மாதங்கள் மருந்து தருவார்கள். குழந்தை பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியைத் தவறவிடாதீர்கள். குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோயிலிருந்து அது காக்கிறது. பெரியவர்களுக்கு அது போதிய பாதுகாப்பு அல்ல என்பதால், கையில் தழும்பு இருக்கிறது என்று இருமலை அலட்சியப்படுத்தக் கூடாது.

நிறைவாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தனியாக இருக்கும் முதியவர் ஒருவருக்கு இந்த நோய் வந்தால், ஆறு மாதமும் அவரை மருந்தகத்துக்கு அழைத்துப் போக இளைஞர் பிரிவிலிருந்து இருவர் முன்வர வேண்டும். போக்குவரத்துச் செலவைச் சங்கம் ஏற்கலாம். அவருடைய பெயரை அவர்கள் வெளியில் சொல்லக் கூடாது. அது அமானிதம். நோயாளி ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடமும் கூட வாழ்பவர்களிடமும் சொன்னால் போதும். கேட்டவர்கள் அதைப் பேசித் திரியாமல் இருந்தால், அடுத்தவர் சொல்லத் துணிவார்.

நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களை ஒதுக்காமல் அரவணைக்கும் மனத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.