எபிசோட்: பதினொன்றரை வருஷம் படிச்சிட்டு, கையில ஒரு பேனா

இன்னைக்கு மரபணு மருத்துவர் பத்தி. லேப்ல இருக்கிற விஞ்ஞானி இல்லைங்க, நோயாளியைப் பார்க்கிற டாக்டர்.

முதல்ல படிப்பு. எம்பிபிஎஸ், ஹவுஸ் சர்ஜன் காலத்தோட சேர்த்து 5½ வருஷம். பிறகு எம்டி 3 வருஷம், பெரும்பாலும் குழந்தை மருத்துவம். அதுக்கு மேல டிஎம் மெடிக்கல் ஜெனிடிக்ஸ் இன்னொரு 3 வருஷம். நுழைவுத் தேர்வுக்குப் படிச்சுக் காத்திருக்கிற காலம் தனிக் கணக்கு. நாம 4 வருஷ இன்ஜினியரிங்கையே இழுத்து முடிச்ச ஆளுங்க! இந்த டிஎம் படிப்பை நாட்டிலேயே முதல்ல ஆரம்பிச்சது லக்னோவில் இருக்கிற சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகம். நம்ம பக்கம்னா வேலூர் சிஎம்சியில் இதுக்குத் தனித் துறை இருக்கு.

இவ்வளவு படிச்சவர் முதல்ல எடுக்கிறது பேனாதான். 3 தலைமுறைக்குக் குடும்ப மரம் வரைவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்துல கல்யாணம்னா இரட்டைக் கோடு. மதுரைப் பக்கத்துக் குடும்பம்னா அந்த இரட்டைக் கோட்டுக்கு வேலை அதிகம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூத்துக்கு 28 கல்யாணம் சொந்தத்துக்குள்ள. இந்திய அளவில் 11தான்.

சில நோய்கள் வர அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு பழுதான மரபணு ரெண்டு சேரணும். ஒண்ணு மட்டும் இருக்கிற பெற்றோருக்கு ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருப்பாங்க. ஆனா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துட்டா அடுத்த மூணும் தப்பிச்சிடும்னு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதுசா டாஸ் போடுற மாதிரி. வீட்டுல மட்டும் "உன் வம்சத்துல வந்தது"ன்னு பழி மருமக மேல விழும். அத்தை மகனைக் கட்டியிருந்தா வம்சமே பாதி ஒண்ணுதானேன்னு யாருக்கும் தோணாது. அந்தப் படத்தைக் காட்டி, பாதி இங்கிருந்து, பாதி அங்கிருந்துன்னு டாக்டர் சொல்றப்போ அந்தப் பொண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

எல்லாத்துக்கும் சொந்தக் கல்யாணம் காரணம் இல்லை. குழந்தைகளுக்கு வர்ற ரெட்டினோபிளாஸ்டோமாங்கிற கண் புற்றுல பரம்பரை வகை இருக்கு. அதுக்கு ஒரே ஒரு பழுதான மரபணு போதும், அடுத்த தலைமுறைக்குப் போற வாய்ப்பு 50 சதவீதம். நம்ம அரவிந்த் மாதிரி கண் ஆஸ்பத்திரியில இந்த நோய்க்கு வர்ற குழந்தையோட தம்பி, தங்கச்சி கண்ணையும் பார்க்கணும்னு சொல்றது அதனாலதான்.

"அடுத்த குழந்தை பெத்துக்கலாமா?"ன்னு கேட்டா இந்த டாக்டர் ஆமா, இல்லைன்னு சொல்ல மாட்டார். எவ்வளவு வாய்ப்பு, என்னென்ன வழி இருக்குன்னு சொல்வார். முடிவு அந்தத் தம்பதியோடது. பயிற்சியே அப்படித்தான். நம்ம ஆளுங்களுக்கு முதல்ல இது கடுப்பாத்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டுல சொல்லி வைங்க. கர்ப்பத்தின் 11 வாரம் முடிஞ்சதும் நஞ்சுக்கொடியில துளி எடுத்துச் சோதிக்கலாம். ஆனா என்ன தேடணும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். அதைச் சொல்ற சாட்சி பெரும்பாலும் முதல் குழந்தையோட ரத்தம்தான். அந்தக் குழந்தை பிழைக்காதுன்னு தெரிஞ்ச நேரத்துல, ரத்தம் எடுத்து டிஎன்ஏவைச் சேமிச்சு வைக்கலாமான்னு கேட்கணும். அந்த நேரத்துல பெத்தவங்களுக்கு இது தோணாது. பக்கத்துல நிக்கிற சித்தப்பாவோ மாமாவோதான் கேட்கணும்.