வழித்துணை



நட்பிற்குக் காரணம் மூன்று என்பர் பரிமேலழகர். ஒரு நாட்டினராதலாகிய புணர்ச்சி, பலகால் கண்டு உரையாடும் பழக்கம், உள்ளத்து உணர்ச்சி ஒத்தல் என்பன அவை. முன்னிரண்டும் இல்லாவிடினும் உணர்ச்சி ஒன்றே போதும் என்பதற்குக் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் சான்று. இவ்வரங்கினர் நன்கறிந்த செய்தி இது. இதனை மறுதலையாக வைத்து வினவினால் என்ன? முன்னிரண்டும் நிரம்பப் பெற்று, இயல்பால் முற்றிலும் வேறுபட்டு நின்ற இருவரை நண்பர் எனலாமா? எரிக் ஷிப்டன், பில் டில்மன் என்னும் ஆங்கிலேய மலையேறிகளின் வாழ்வு எழுப்பும் வினா அதுவே.

தேயிலைத் தோட்டக்காரர் ஒருவரின் மகனாக இலங்கையின் கண்டியில் 1907இல் பிறந்தவர் ஷிப்டன். டில்மன் அவரினும் ஒன்பது ஆண்டு மூத்தவர். பதின்பருவத்திலேயே முதல் உலகப் போரின் களம் கண்டவர். இருவரும் கென்யாவில் தோட்டத்தொழில் செய்த காலத்தில், 1930இல், மேற்கு முகட்டின் வழியே கென்யா மலை மீது ஏறினர். ஷிப்டன் பேச்சில் இனியவர்; மகளிர் நட்பை விரும்பியவர். டில்மன் இறுதிவரை மணம் புரியாதவர். சொல்லைக் காசினும் சிக்கனமாகச் செலவிட்டவர்.

1934ஆம் ஆண்டே அந்நட்பின் பொன்னாண்டு. நந்தாதேவியைச் சூழ்ந்த மலைவளையத்தின் உள்ளரங்கில் அதுவரை எவரும் கால் வைத்ததில்லை. ரிஷிகங்கைப் பள்ளத்தாக்கின் செங்குத்தான பாறைச் சுவர்களில் வழி தேடி இருவரும் உள்ளே புகுந்தனர். ஐந்து திங்கள் பயணத்திற்கு இருவர்க்கும் சேர்த்து ஆன செலவு முந்நூறு பவுனுக்கும் குறைவு. இருவர் என்று எழுதுவதே வரலாற்றின் பிழை, சென்றவர் ஐவர். ஆங் தார்க்கே, பாசாங், குசாங் என்னும் ஷெர்ப்பாக்கள் மூவரும் உடன் சுமந்தனர், உடன் உண்டனர். நட்பின் கதையில் அவர்களுக்குத் தனி இயல் எழுதப்படாதது ஒரு குறையே.

மழைக்காலத்தில் அவர்கள் பதரிநாத்திலிருந்து கேதாரநாத் நோக்கி நீர்பிரி மலையைக் கடந்தனர். பண்டு அர்ச்சகர் ஒருவரே இரு கோயில்களிலும் ஒரே நாளில் பூசை செய்தார் என்னும் கதை வழங்கிய வழி அது. அவர்களுக்கோ உணவு தீர்ந்தது. கரடிகள் திரியும் காட்டில் மூங்கிற் குருத்தைத் தின்று உயிர் பிழைத்தனர். பசித்த வயிற்றோடு ஒரே தழலைச் சுற்றி அமர்ந்தோர்க்கு உணர்ச்சி ஒத்ததா என்று ஆராய நேரமிருந்திராது.

இவ்வளவு நெருங்கியும் டில்மன் அவரைக் குடும்பப் பெயராலேயே அழைத்தார். எரிக் என்று அழைக்கலாகாதா என ஷிப்டன் ஒருமுறை கேட்டார். அப்படி அழைப்பது நகைப்பிற்கிடமாக இருக்கும் என்று டில்மன் மறுத்துவிட்டார். விளி ஏலாப் பெயர்களை நம் இலக்கணம் தொகுத்துக் கூறும். அவ்வரிசையில் எரிக் என்பதையும் சேர்த்துக்கொண்டார் போலும்!

1936இல் டில்மன் நந்தாதேவியின் 7816 மீட்டர் உச்சியை ஓடெலுடன் அடைந்தபோது, ஷிப்டன் அங்கில்லை. அக்கோடையில் எவரெஸ்ட் குழுவோடு சென்றிருந்தார். நடுவயதில், 1947இல், காஷ்கரில் தூதராயிருந்த ஷிப்டனைத் தேடி டில்மன் சென்றார். முஸ்தாக் அத்தா மலையில் உச்சியை நெருங்கித் திரும்பினர். ஷிப்டனின் கால்விரல்களைப் பனி கடித்தது. மறு ஆண்டும் உடன் அலைந்தனர். அதன்பின் அவர்களுக்கு வாய்த்த பெருவழி எதுவும் இல்லை.

1953ஆம் ஆண்டின் எவரெஸ்ட் குழுத் தலைமை ஷிப்டனிடமிருந்து பறிக்கப்பட்டது, மணவாழ்வும் முறிந்தது, சில காலம் காட்டுத்தொழிலாளியாக உழைத்தார். டில்மனோ ஐம்பதைக் கடந்தபின் கடலோடியாகி, 1954இல் 'மிஸ்சீஃப்' என்னும் பழம் பாய்மரப் படகை வாங்கினார். 1955-56இல் அப்படகில் படகோனியா சென்று பனிப்பரப்பைக் கடந்தார். அதே பனிப்பரப்பை ஷிப்டன் 1960-61இல் வேறு துணைவர்களோடு நெடுக்காகக் கடந்தார். இளமையில் ஒரே கயிற்றில் சென்றவர்கள் முதுமையின் வாயிலில் ஒரே பனிமீது வேறு வேறு ஆண்டுகளில் நடந்தனர். இக்காட்சி இன்னும் ஒரு கவிஞனுக்காகக் காத்திருக்கிறது.

1977 மார்ச்சில் ஷிப்டன் மறைந்தார். எண்பதாம் அகவையில் இருந்த டில்மன் அவ்வாண்டே இளைஞர் சிலரோடு அண்டார்டிகாவின் ஸ்மித் தீவு நோக்கிப் படகேறினார். நவம்பர் முதல் நாள் ரியோ டி ஜெனிரோவை விட்டுப் புறப்பட்ட அப்படகு ஃபாக்லாந்துத் தீவுகளைச் சென்றடையவில்லை.