‘ஏற்கிறேன்’ என்று தொடுவதும் கையெழுத்துதான்

(வன்னியம்பட்டியில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குழு ஆரம்பித்த காலத்தில் நம்மில் பல பேருக்குக் கைநாட்டுதான். தீர்மானப் புத்தகத்தில்தான் கையெழுத்துப் போடப் பழகினோம். அதோடு இன்னொரு நல்ல பழக்கமும் வந்தது. தீர்மானத்தை ஒருத்தர் சத்தமாக வாசிப்பார். எல்லோரும் சரின்னு சொன்ன பிறகுதான் கையெழுத்து. வாசிக்காத தீர்மானத்தில் கையெழுத்துப் போட மாட்டோம்.

இப்போது கையில் போன் இருக்கிறது. கடன் வேண்டுமா, துணி வேண்டுமா, எல்லாம் போனிலேயே. பக்கம் பக்கமாக எழுத்து ஓடுகிறது. கடைசியில் ‘ஏற்கிறேன்’ என்று ஒரு கட்டம். பெருவிரலால் ஒரு தொடு, வேலை முடிந்தது. “பேப்பர்ல கையெழுத்தே போடலையே, சும்மா தொட்டதுதானே, அது எப்படிச் செல்லும்?” என்று பல குழுக்களில் கேட்கிறார்கள். அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

செல்லும், சகோதரிகளே. முதலில் இதை மனசில் வச்சுக்குங்க.

நம் நாட்டில் ஒப்பந்தங்களுக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. எல்லா ஒப்பந்தத்துக்கும் பேப்பர் வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பால்கோவாக் கடைக்குப் பால் ஊற்றுகிறோம், வாரக் கடைசியில் பணம் என்று வாயால் பேசினாலே அது ஒப்பந்தம். சட்டம் கேட்பது வேறு. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் புரிந்து ஒத்துக்கொண்டார்களா? மிரட்டல், ஏமாற்று இல்லாமல் சம்மதம் வந்ததா? 18 வயது நிறைந்தவர்களா? கொடுப்பதும் வாங்குவதும் சட்டத்துக்கு உட்பட்டதா? இவ்வளவும் இருந்தால் அது ஒப்பந்தம்.

பிறகு 2000-ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தது. அதில் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 10-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2009 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. மின்னணு வழியில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது என்பதுதான் அந்தப் பிரிவு. வங்கி ஒன்று இணையத்தில் நடத்திய ஏலத்தைப் பற்றி நம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தமிழ்நாடு ஆர்கானிக் நிறுவனத்துக்கும் பாரத ஸ்டேட் வங்கிக்கும் நடந்த வழக்கு. மின்னணு வழியிலும் ஒப்பந்தப் பொறுப்பு உண்டாகும், அதைச் சட்டப்படி நிறைவேற்றலாம் என்று நீதிமன்றம் அதில் சொன்னது. எல்லாவற்றையும் போனில் முடித்துவிட முடியாது என்பதும் உண்மை. உயிலை இப்படி எழுத முடியாது. நிலக் கிரயத்துக்குப் பத்திரப் பதிவு வேண்டும். ஆனால் கடனும் கடைச்சரக்கும் போனில் செல்லும்.

“நான் படிக்கவே இல்லை” என்று பிறகு சொன்னால், அதை மட்டும் வைத்துத் தப்ப முடியாது. ஆதார் எண்ணைப் போட்டு, அதற்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்துக் கையொப்பமிடும் முறையும் இருக்கிறது. அங்கே அந்த ஆறு எண்களே நம் கையெழுத்து. பக்கத்து வீட்டுத் தம்பி அவசரத்துக்குக் கேட்டாலும் ஓ.டி.பி. சொல்லக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். பையன் விளையாட்டாக அழுத்தினாலும் இதே சிக்கல்தான். 18 வயது நிறையாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது சட்டம். ஆனால் போன் அம்மாவுடையது, கணக்கு அம்மாவுடையது என்றால், நான் அழுத்தவில்லை என்று காட்டும் பாரம் நம் தலையில்தான் வந்து விழும்.

எழுதியதெல்லாம் செல்லுமா?

அதுவும் இல்லை. இங்கேதான் நமக்குத் தைரியம் தரும் செய்தி இருக்கிறது.

சென்னையில் ‘லில்லி ஒயிட்’ என்ற சலவைக் கடை வழக்கைச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிப்பார்கள். சலவைக்குப் போட்ட புதுச் சேலை ஒன்று காணாமல் போனது. ரசீதில் ஒரு நிபந்தனை அச்சடித்திருந்தார்கள். துணி தொலைந்தால் அதன் மதிப்பில் நூற்றுக்கு 15 பங்குதான் தருவோம் என்று. ரசீதை வாங்கிக்கொண்டீர்களே, அப்படியென்றால் ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம் என்பது கடைக்காரர் வாதம். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இப்படி ஒரு நிபந்தனையை விட்டால் கடைக்காரரே துணியை எடுத்துக்கொண்டு சொற்பப் பணத்தைக் கொடுத்துவிடலாம், இது பொதுநலனுக்கு விரோதம் என்று தள்ளியது. 1966-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. அன்றைக்கு ரசீதின் பொடி எழுத்து, இன்றைக்குப் போனில் பொடி எழுத்து. நியாயம் ஒன்றுதான்.

வெளிநாட்டிலும் இந்தக் கேள்வி வந்தது. அமெரிக்காவில் 2002-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் வழக்கில், நிபந்தனைகள் பொத்தானுக்கும் கீழே, கண்ணில் படாத இடத்தில் இருந்தன. கண்ணில் படாத நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. பொருள் வாங்க நாம்தான் சம்மதம் கொடுக்க வேண்டும். கட்டத்தில் அவர்களே முன்கூட்டி டிக் போட்டு வைத்து, அதையே நம் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

லோன் ஆப்பில் கவனம்

நமக்கு அதிக ஆபத்து இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் கடன் என்று காட்டுகிறது. கட்டணம் பிடித்தது போகக் கணக்குக்கு வந்தது 8,500. முப்பது நாளில் 10,000 கட்டணும். அப்படியென்றால் 8,500-க்கு ஒரு மாத வட்டி 1,500. நூற்றுக்கு 17 ரூபாய்க்கு மேல். வருசத்துக்கு 200 சதவீதத்தைத் தாண்டும். குழுவில் நூற்றுக்கு ஒன்றா இரண்டா என்று கூட்டம் போட்டுப் பேசுகிற நாம், இதை ஒரு தொடுதலில் ஒத்துக்கொள்ளலாமா?

இதற்காகத்தான் ரிசர்வ் வங்கி 2022-இல் விதிகள் கொண்டுவந்து, 2025 மே மாதத்தில் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. அதில் நமக்கு வேண்டியவை இவை:

கடன் பணம் நேராக நம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். நாம் கட்டுவதும் கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும்.

போனில் உள்ள பெயர் எண் பட்டியலையும் போட்டோக்களையும் ஆப் எடுக்கக் கூடாது. கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

கடன் வேண்டாம் என்று தோன்றினால் திருப்பிக் கொடுக்கக் குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும். அசலும் அந்த நாட்களுக்கான வட்டியும் கட்டினால் போதும், அபராதம் கிடையாது. முன்பே எழுதிக் காட்டிய பரிசீலனைக் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளலாம்.

2024 அக்டோபரிலிருந்து தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் தவணைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்று கட்டாயம். எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டி எவ்வளவு என்று அதில் இருக்கும். வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும். ஏழு நாளுக்குக் குறையாத கடன் என்றால், யோசித்து முடிவெடுக்க மூன்று வேலை நாள் தர வேண்டும். அதனால் “இப்பவே அழுத்துங்க, இல்லாட்டிப் போயிரும்” என்று எந்த ஆப் அவசரப்படுத்தினாலும் நாம் அவசரப்பட வேண்டியதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறோம். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அதில் மாற்றமில்லை. அநியாயக் கட்டணத்தையும் மிரட்டலையும்தான் எதிர்க்கச் சொல்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

அழுத்துவதற்கு முன்னால் ஐந்து விஷயம் பாருங்க. கடன் கொடுப்பது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம்? கையில் வருவது எவ்வளவு? மொத்தம் கட்டுவது எவ்வளவு? எந்தத் தேதிக்குள்? தவறினால் என்ன? அனுமதி பெற்ற நிறுவனங்களின் ஆப் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாவிட்டால் வேண்டாம். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க. நாளைக்கு நமக்குச் சாட்சி அதுதான்.

ஏமாற்றுப் பேர்வழி பணத்தை எடுத்துவிட்டால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும். வாங்கிய பொருளில் குறை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை. ஒப்பந்தமே நியாயமற்றது என்று எதிர்ப்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான எண் 15100.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். எந்த உறுப்பினர் போனில் கடன் எடுப்பதாக இருந்தாலும், முக்கிய விவரத் தாளை முதலில் கூட்டத்தில் கொண்டுவந்து வாசிக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் வெட்கப்பட வேண்டாம். படித்த பிள்ளைகள் வாசிக்கட்டும், நாம் கணக்குப் பார்ப்போம். கணக்குப் பார்ப்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது.